பிஎஸ்ஏ கூடியிருக்கிறது: காத்திருப்பதா, எம்ஆர்ஐயா, நேராக பயாப்ஸியா?

ஐம்பதைத் தாண்டிய ஆண்களின் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியலில், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை இப்போது தானாகவே சேர்ந்துவிடுகிறது. அது எதற்கான பரிசோதனை என்பதே பலருக்கு ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும். 6.4 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, பக்கத்தில் ‘4-க்குக் கீழ் இயல்பு’ என்று போட்டிருக்கும். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விடும். “உடனே பயாப்ஸி எடுத்துடுங்க” என்பார் ஒருவர். “வயசானா எல்லாருக்கும் ஏறும், விடுங்க” என்பார் இன்னொருவர். “ஒரு ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடும்” என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதும் யாரோ ஒருவருக்குப் பொருந்தும். யாருக்கு எது, எந்த வரிசையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புராஸ்டேட் எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அந்த நாற்காலியிலிருந்து என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு பிஎஸ்ஏவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அப்போதும் கூடுதலாக இருந்தால் எம்ஆர்ஐ எடுத்து, அப்புறம் பயாப்ஸியைப் பற்றி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பதைப் பற்றி யோசிப்பதே நல்ல வரிசை. ஆனால் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கும் பை-ராட்ஸ் என்ற புற்றுநோய்ச் சந்தேக எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே எண் இரண்டு பேருக்கு இரண்டு விதமான ஆபத்தைக் குறிக்கலாம்.

முதலில், இன்னொரு தடவை ரத்தப் பரிசோதனை

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் ஒரு புரதம். நல்ல சுரப்பியும் தயாரிக்கும், புற்றுநோய் வந்த சுரப்பியும் தயாரிக்கும். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும், கிருமித் தொற்று வந்தாலும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். தொற்றின்போது 20, 30 என்றுகூட ஏறி, மருந்து சாப்பிட்டதும் மெல்ல இறங்கிவிடுவது உண்டு. அதனால் தொற்று சரியாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய இரண்டு நாள் உடலுறவும் நீண்ட நேர சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். முடிந்தால் அதே லேபில் கொடுங்கள், ஒப்பிடச் சுலபம்.

மாத்திரை விஷயம் ஒன்றை நோயாளிகள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சுரப்பி வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகிய இரண்டும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் பிஎஸ்ஏவைச் சுமார் பாதியாகக் குறைத்துவிடும். அவற்றைச் சாப்பிடுகிறவரின் 3.5 என்பது கிட்டத்தட்ட 7 என்றே எடுத்துக்கொள்ள வேண்டியது. முடி கொட்டுவதற்காகக் குறைந்த அளவில் ஃபினாஸ்டரைடு எடுக்கிறவர்களும் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

காத்திருக்கக் கூடாதவர்களும் உண்டு. யூராலஜிஸ்ட் ஆசனவாய் வழியாக விரலால் சோதிக்கும்போது கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால், அதைத் தொற்று என்று சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. பிஎஸ்ஏ 100-ஐத் தாண்டி, முதுகெலும்பில் வலியும் இருக்கிறவருக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று எம்ஆர்ஐயில் தேடிக்கொண்டிருப்பது நேர விரயம். அவருக்கு பயாப்ஸியும், நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன் அல்லது பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனும்தான் உடனடித் தேவை. இன்னொரு பக்கம், எண்பதைத் தாண்டி, இதய நோயோடு இருக்கும் ஒருவருக்கு பிஎஸ்ஏ 7 என்றால், எதையும் துருவாமல் விடுவதுகூட நல்ல மருத்துவமே. குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய முடிவு அது.

பயாப்ஸி முதலிலா, எம்ஆர்ஐ முதலிலா?

பழைய முறையில் எம்ஆர்ஐ கிடையாது. ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, சுரப்பியின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பத்து, பன்னிரண்டு இடங்களில் ஊசி போட்டுத் திசு எடுப்பார்கள். அல்ட்ராசவுண்டில் பெரும்பாலான புற்றுநோய்கள் கண்ணுக்குத் தெரியாது. சுரப்பி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். ஊசி கட்டியில் பட்டால் பட்டது, படாவிட்டால் இல்லை.

இது எவ்வளவு பலவீனமானது என்பதை 2017-இல் பிரிட்டனில் வெளிவந்த ப்ராமிஸ் ஆய்வு காட்டியது. 576 ஆண்களுக்கு எம்ஆர்ஐ, பழைய பாணி பயாப்ஸி, கூடவே சுரப்பி முழுவதையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைத்துப் பார்க்கும் விரிவான பயாப்ஸி என மூன்றையும் செய்து ஒப்பிட்டார்கள். சிகிச்சை தேவைப்படும் வகைப் புற்றுநோய்களில் பழைய பயாப்ஸி பிடித்தது 48 சதவீதம். எம்ஆர்ஐ பிடித்தது 93 சதவீதம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட புற்றுநோய் இல்லாதவர்களில் 41 சதவீதம் பேரைத்தான் எம்ஆர்ஐயால் சரியாக விலக்க முடிந்தது. மீதிப் பேருக்கு ‘சந்தேகம்’ என்றே வந்தது. அதாவது, நல்ல எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாவிட்டால் பெரும்பாலும் நம்பலாம். ஏதோ தெரிகிறது என்று வந்தால், அது இன்னும் கேள்வியாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் வந்த ப்ரிசிஷன் ஆய்வு 11 நாடுகளில் 500 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு நேராகப் பழைய பயாப்ஸி. மறு பாதிக்கு எம்ஆர்ஐ, அதில் சந்தேகம் இருந்தால் மட்டும் அந்த இடத்தைக் குறிவைத்து பயாப்ஸி. எம்ஆர்ஐ பிரிவில் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. இருந்தும் முக்கியமான புற்றுநோய் அந்தப் பிரிவில் 38 சதவீதம் பேரிடமும், பழைய முறைப் பிரிவில் 26 சதவீதம் பேரிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. தீங்கற்ற போக்குடைய சிறு புற்றுநோய்கள் எம்ஆர்ஐ பிரிவில் 9 சதவீதம், மறு பிரிவில் 22 சதவீதம்.

இந்தக் கடைசி எண்ணை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். திசுவின் தீவிரத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண்ணில் கீழ்ப்படியான 6 என்று வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. ஆனால் ‘கேன்சர்’ என்ற சொல் பேப்பரில் வந்துவிட்டால், நம் ஊரில் கண்காணித்தால் போதும் என்று சும்மா இருக்க எத்தனை குடும்பம் சம்மதிக்கும்? ஆபரேஷன் செய்து, சிறுநீர் கசிவோடும் விறைப்புக் குறைபாட்டோடும் மீதி வாழ்நாளைக் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் ப்ரொடெக்ட் ஆய்வின் 15 வருட முடிவு 2023-இல் வந்தது. பிஎஸ்ஏ மூலம் கண்டுபிடிக்கப்பட்டு, சுரப்பிக்கு வெளியே பரவாத நோயுள்ள 1,643 பேரில், கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என எந்தப் பிரிவில் இருந்தாலும், சுமார் 97 சதவீதம் பேர் இந்தப் புற்றுநோயால் சாகவில்லை. தேவையில்லாததைக் கண்டுபிடிக்காமல் இருப்பதும் ஒரு நன்மை. எம்ஆர்ஐயை முதலில் வைப்பதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம்.

பை-ராட்ஸ் எண் எதைச் சொல்கிறது?

முதலில் ஒரு பயத்தை நீக்க வேண்டும். பை-ராட்ஸ் 4 என்றால் நான்காம் ஸ்டேஜ் என்று நினைத்து இடிந்துபோய் வருகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ரேடியாலஜிஸ்ட் 1 முதல் 5 வரை தரும் சந்தேக மதிப்பெண் அது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், 3 என்றால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, 4 என்றால் இரண்டில் ஒருவருக்கு, 5 என்றால் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அப்படிப்பட்ட புற்றுநோய் உறுதியாகிறது. 1, 2 என்று வந்தவர்களிலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இருக்கலாம்.

இந்த மதிப்பெண் எப்படி வருகிறது? ஆரஞ்சுப் பழத்தின் தோல் போலச் சுரப்பியின் பின்பக்கத்தைச் சுற்றியிருப்பது வெளிப்பகுதி. புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் பிறக்கின்றன. அங்கே டிஃப்யூஷன் என்ற படவரிசையே தீர்ப்பு சொல்லும். புற்றுநோயில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் நகர இடமில்லாமல், ஒரு படத்தில் அந்த இடம் வெள்ளையாகவும் ஏடிசி என்ற துணைப்படத்தில் கறுப்பாகவும் தெரியும். உட்பகுதியோ வயதானால் முடிச்சு முடிச்சாகப் பெருக்கும் இடம். அங்கே டி2 என்ற இன்னொரு படவரிசையில் முடிச்சின் உருவமும் ஓரமும் முக்கியம். ஓரம் தெளிவாக, கூடுபோல் மூடியிருந்தால் வெறும் வீக்கம். மை கொட்டித் தேய்த்த மாதிரி ஓரமே இல்லாமல் கறுத்திருந்தால் சந்தேகம். 4-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அளவுதான். 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது சுரப்பியைத் தாண்டி வெளியே வந்திருந்தால் 5.

4, 5 என்றால் பயாப்ஸி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1, 2 என்றால், பிஎஸ்ஏ அடர்த்தி (பிஎஸ்ஏவைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுத்த எண்) குறைவு, விரல் சோதனை சரி, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இல்லை என்னும் பட்சத்தில் பயாப்ஸி வேண்டாம். சிக்கல் எல்லாம் 3-இல்தான்.

ஒரே 3, இரண்டு பேர்

இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது 62, பிஎஸ்ஏ 6.4, பை-ராட்ஸ் 3. முதலாமவரின் ரிப்போர்ட்டில் சுரப்பியின் அளவு 5.8 × 4.4 × 5.3 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் சுமார் 70 மில்லி. 6.4-ஐ 70-ஆல் வகுத்தால் 0.09. இரண்டாமவரின் சுரப்பி 4.2 × 3.0 × 4.0. கொள்ளளவு சுமார் 26 மில்லி. 6.4-ஐ 26-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.25. இதுதான் பிஎஸ்ஏ அடர்த்தி.

முதலாமவரின் பெரிய சுரப்பியே அந்த 6.4-க்குக் கணக்கு சொல்லிவிடுகிறது. இரண்டாமவரின் சின்னச் சுரப்பி இவ்வளவு பிஎஸ்ஏவை ஏன் தயாரிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதல், பை-ராட்ஸ் 3 இருந்தும் அடர்த்தி 0.10-க்குக் கீழ் இருந்து, மற்ற ஆபத்துகளும் இல்லையென்றால் பயாப்ஸியைத் தவிர்த்து பிஎஸ்ஏவைக் கண்காணிக்கலாம் என்கிறது. எம்ஆர்ஐயில் 1, 2 வந்தவர்களுக்கு அந்த எல்லை 0.20. முதலாமவர் காத்திருக்கலாம். இரண்டாமவருக்கு நான் பயாப்ஸியைத்தான் சொல்வேன். அவருக்கு 2 வந்திருந்தாலும்கூட அதே யோசனைதான்.

நடுவில் இருக்கிறவர்கள்தான் பாவம். அடர்த்தி 0.13, பை-ராட்ஸ் 3. இங்கே மற்ற விஷயங்கள் தராசை ஒரு பக்கம் சாய்க்கும். அப்பாவுக்கு இந்தப் புற்றுநோய் இருந்ததா? குடும்பத்தில் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ2 மரபணு மாற்றம் தெரிந்ததா? கடந்த மூன்று வருட பிஎஸ்ஏ 3, 4.5, 6.4 என்று ஏறிக்கொண்டே வந்ததா, அல்லது 6-க்குப் பக்கத்திலேயே நின்றதா? மொத்த பிஎஸ்ஏவில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் திரியும் பங்கான ஃப்ரீ பிஎஸ்ஏ சதவீதமும் கொஞ்சம் உதவும். 10-க்குக் கீழ் என்றால் கவலை அதிகம், 25-க்கு மேல் என்றால் கவலை குறைவு.

சுரப்பியின் கொள்ளளவையும் அடர்த்தியையும் எழுதாத ரிப்போர்ட் முழுமையான ரிப்போர்ட் இல்லை. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மூன்று அளவுகள் இருந்தால் செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

படம் சரியாக இருந்ததா?

எம்ஆர்ஐ முதலில் என்று நான் சொல்வதெல்லாம் நல்ல எம்ஆர்ஐக்குத்தான் பொருந்தும். மலக்குடலில் காற்று நிறைந்திருந்தால், சுரப்பியின் பின்பக்கம் டிஃப்யூஷன் படத்தில் இழுபட்டுக் கோணலாகிவிடும். புற்றுநோய் அதிகம் வரும் இடமே அதுதான். அதனால் ஸ்கேனுக்கு முன் மலம் கழித்துவிட்டு வாருங்கள். எனிமா தந்தால் மறுக்காதீர்கள். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு உலோகத்தால் அதே படம் கெடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஏற்கனவே பயாப்ஸி எடுத்திருந்தால் உள்ளே தேங்கிய ரத்தம் கண்ணை ஏமாற்றும். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி வேண்டும்.

மெஷினின் காந்த சக்தி 3 டெஸ்லாவா, 1.5 டெஸ்லாவா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாய்ப்பிருந்தால் 3 டெஸ்லா நல்லது. ஆனால் புராஸ்டேட் படங்களை அடிக்கடி பார்க்கிறவர் ஒழுங்காக அமைத்து எடுத்த 1.5 டெஸ்லா, எப்போதாவது ஒன்று பார்க்கிற இடத்தின் 3 டெஸ்லாவைவிட எவ்வளவோ மேல். 26 மையங்களின் முடிவுகளை ஒப்பிட்ட ஆய்வில், ஒரே பை-ராட்ஸ் மதிப்பெண் புற்றுநோயாக உறுதியான விகிதம் மையத்துக்கு மையம் வெகுவாக வேறுபட்டது. மெஷினின் பெயரைக் கேட்பதற்கு முன் ரிப்போர்ட் எழுதப்போவது யார் என்று கேளுங்கள்.

கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டுமா என்பதில் நிலைமை இப்போது மாறியிருக்கிறது. 2025-இல் வெளிவந்த ப்ரைம் ஆய்வு, 12 நாடுகளில் 490 பேரின் படங்களை ஊசியோடும் ஊசியில்லாமலும் படித்துப் பார்த்தது. முக்கியமான புற்றுநோயைக் கண்டுபிடித்தது இரண்டிலும் ஏறக்குறைய 29 சதவீதம்தான். ஊசியில்லாவிட்டால் ஸ்கேன் நேரமும் செலவும் குறையும், கிரியாட்டினின் கூடியவர்களுக்கு வீண் பயமும் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் படத்தின் தரத்தை முதலிலேயே சோதித்துவிட்டுத்தான் மையங்களைச் சேர்த்தார்கள். தரம் உறுதியான இடத்தில் ஊசியில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் உலோகம் இருந்தாலோ, ஏற்கனவே புராஸ்டேட் சிகிச்சை எடுத்திருந்தாலோ ஊசியோடு எடுப்பது நல்லது.

5 என்று வந்தும் புற்றுநோய் இல்லாமல் போகலாம்

காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கிரானுலோமா வகைப் புராஸ்டேட் அழற்சி படத்தில் அப்படியே பெரிய புற்றுநோய் மாதிரி இருக்கும். காசநோயாலும் அது வரும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக பிசிஜி மருந்தை உள்ளே செலுத்திக்கொண்டவர்களுக்கும் வரும். டிஃப்யூஷனில் பளிச்சென்று, ஏடிசியில் கறுத்து, 5 என்று எழுத வைத்துவிடும். பயாப்ஸிதான் பிரித்துக் காட்டும். பழைய காசநோய் சிகிச்சை பற்றிய தகவலை ஸ்கேன் ஃபாரத்தில் எழுதத் தயங்காதீர்கள். எம்ஆர்ஐ எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், அதை மட்டும் வைத்து யாராவது ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பயாப்ஸி என்று முடிவானால்

கட்டி தெரியும் இடத்தை மட்டும் குறிவைப்பதா, சுரப்பி முழுக்க எடுப்பதா? குறிவைத்து மட்டும் எடுத்தால் தேவையற்ற சிறு புற்றுநோய்கள் குறைவாகச் சிக்கும். ஆனால் சில முக்கியமானவை தப்பிவிடலாம். முதல் பயாப்ஸி என்றால், கட்டியிலிருந்து மூன்று நான்கு துண்டுகளும் அதைச் சுற்றிச் சில துண்டுகளும் எடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. எம்ஆர்ஐ படத்தை அல்ட்ராசவுண்டின் மேல் பொருத்திக் காட்டும் ஃப்யூஷன் வசதி இருந்தால், சிறிய கட்டிகளுக்கு அது பெரிய உதவி.

ஊசி போகும் வழியும் கேட்க வேண்டிய ஒன்று. ஆசனவாய் வழியாகப் போனால் மலக்குடல் கிருமிகள் ரத்தத்தில் கலக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் அதிகம் என்பதால், விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக எடுக்கும் முறையையே நான் விரும்புகிறேன். அந்த வசதி உங்கள் ஊரில் இல்லையென்றால் அதற்காக பயாப்ஸியையே விட்டுவிட வேண்டாம். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்து, கவனமாகச் செய்தால் பழைய வழியும் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை தராது.

காத்திருப்பது என்று முடிவானால்

‘பயாப்ஸி வேண்டாம்’ என்று சொன்ன பலர் அப்புறம் மூன்று நான்கு வருடம் அந்தப் பக்கமே வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, வருடத்துக்கு ஒருமுறை யூராலஜிஸ்டிடம் விரல் சோதனை என்பது குறைந்தபட்சம். பிஎஸ்ஏ தொடர்ந்து ஏறினாலோ, அடர்த்தி 0.20-ஐ நோக்கிப் போனாலோ எம்ஆர்ஐயை மறுபடி எடுக்க வேண்டும். பை-ராட்ஸ் 3 வந்தவர்களுக்கு, ஏறாவிட்டாலும் ஒரு வருடம் கழித்து ஒன்று எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அப்போது பழைய படத்தின் சிடியைக் கண்டிப்பாகக் கொண்டுவாருங்கள். வெறும் ரிப்போர்ட் பேப்பரோ பிரிண்ட் எடுத்த ஃபிலிமோ போதாது. 8 மில்லிமீட்டர் என்று அன்று எழுதியிருந்த அதே இடம் இன்றும் அப்படியே இருக்கிறதா, ஏடிசியில் இன்னும் கறுத்திருக்கிறதா என்பதை இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.